பாலைவன உயிர்கள் நீரைச் சேமிக்கின்றனவா, செலவைக் குறைக்கின்றனவா?

4 ஏப்ரல் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

பாலைவனத் தகவமைப்பு என்றாலே பாடநூல்கள் சேமிப்பைப் பற்றியே பேசுகின்றன. ஒட்டகம் திமிலில் சேமிக்கிறது, கள்ளி தண்டில் சேமிக்கிறது என்று படித்தோம். ஆனால் எலி, எறும்பு, வண்டு போன்ற சிறு உயிர்களின் உடலில் சேமித்து வைக்க இடமே இல்லையே, அவை எப்படிப் பிழைக்கின்றன?

4 ஏப்ரல், இரவு

கேள்வி சரியான இடத்தைத் தொட்டிருக்கிறது. சேமிப்பு இந்தக் கதையில் ஒரு சிறு பகுதி மட்டுமே என்பது என் உறுதியான எண்ணம். பாலைவனத்தில் வாழும் உயிர்களில் பெரும்பாலானவை, உடலிலிருந்து நீர் வெளியேறும் ஒவ்வொரு வழியையும் முடிந்தவரை அடைத்துக்கொண்டதால்தான் அங்கே நிலைத்திருக்கின்றன. சேமிப்பின் அடையாளமாகவே காட்டப்படும் ஒட்டகமும் அப்படித்தான்.

திமிலில் இருப்பது கொழுப்பு, நீர் இல்லை என்பது இப்போது பலருக்கும் தெரியும். ஆனால் அதையடுத்து, 'அந்தக் கொழுப்பு எரியும்போது நீர் கிடைக்கிறதே' என்று ஒரு வாதம் வருகிறது. ஒரு கிராம் கொழுப்பு முழுமையாக எரிந்தால் ஒரு கிராமுக்குச் சற்று அதிகமாகவே நீர் கிடைக்கும் என்பது உண்மைதான். எனினும் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும், ஆக்சிஜனுக்காக மூச்சிழுக்க வேண்டும், வறண்ட காற்றை இழுத்து ஈரக்காற்றாக வெளிவிடும் ஒவ்வொரு மூச்சிலும் நீர் போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கொழுப்பினால் நீர்க்கணக்கில் மிச்சம் எதுவும் இல்லை என்று எடுத்துக்காட்டியவர் உடலியங்கியல் அறிஞர் நுட் ஷ்மிட் நீல்சன். 1950களில் அல்ஜீரியாவின் பெனி அப்பேஸ் என்னும் பாலைவனச் சோலையில் தங்கி, ஒட்டகங்களை நிறுத்து, அவற்றின் வெப்பநிலையை அளந்து, சிறுநீரைச் சேகரித்து ஆராய்ந்தவர் அவர். திமில் என்பது உணவுக் கையிருப்பு. அந்தக் கொழுப்பு தோலுக்கடியில் உடல் முழுவதும் பரவியிருந்தால் வெப்பம் வெளியேறுவதற்குத் தடையாக இருந்திருக்கும், முதுகில் ஓரிடத்தில் குவிந்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

5 ஏப்ரல்

நேற்று எழுதியதில் முக்கியமான பகுதி பாக்கி இருக்கிறது. ஒட்டகம் நீரை எப்படி மிச்சப்படுத்துகிறது?

மனித உடல் 37 டிகிரியைவிட்டு விலகாமல் இருக்க வியர்வையைச் செலவிடுகிறது. நீர் கிடைக்காத ஒட்டகமோ தன் உடல் சூடேறுவதற்கு இடம் கொடுத்துவிடுகிறது. விடியற்காலையில் 34 டிகிரிக்கு அருகில் இருக்கும் அதன் வெப்பநிலை மாலைக்குள் 40ஐத் தாண்டும். அதுவரை அது பெரிதாக வியர்ப்பதில்லை. 500 கிலோ எடையுள்ள உடல் 6 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 2,400 கிலோகலோரி வெப்பம் அதனுள் தங்குகிறது. அதே வெப்பத்தை வியர்த்து வெளியேற்ற வேண்டுமென்றால் 4 லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். பகலில் வாங்கிய அந்த வெப்பம் இரவின் குளிர்ந்த காற்றில் ஒரு சொட்டு நீர்ச்செலவும் இல்லாமல் வெளியேறிவிடுகிறது. உடல் சூடாக இருக்கும்போது வெளிக்காற்றுக்கும் உடலுக்கும் உள்ள வெப்ப வேறுபாடு குறைந்து, உள்ளே வரும் வெப்பமும் குறைகிறது என்பது கூடுதல் இலாபம். முதுகு ரோமமும் இதற்குத் துணை நிற்கிறது. ரோமம் கத்தரிக்கப்பட்ட ஒட்டகம், கத்தரிக்கப்படாததைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு நீரை இழந்தது என்று ஷ்மிட் நீல்சனின் அளவீடுகள் காட்டின.

தார் பாலைவனத்தில் கோடைக்கால நண்பகல் ஒன்றில் நான் கண்ட காட்சியின் பொருள் இந்தக் கணக்கைப் படித்த பிறகே எனக்கு விளங்கியது. ஒட்டகங்கள் நிழல் தேடிச் சிதறிப் போகாமல், ஒன்றின் விலாவோடு மற்றொன்றின் விலா அழுந்தும்படி நெருங்கிப் படுத்திருந்தன. எல்லாமே கதிரவனை நேராக நோக்கியிருந்தன. அந்த வெயிலில் இப்படி நெருங்கிக் கிடப்பது பார்ப்பவருக்குப் புழுக்கமாகத் தோன்றும். ஆனால் முகத்தைக் கதிரவனுக்குக் காட்டிப் படுத்தால் வெயில்படும் பரப்பு சுருங்குகிறது, அருகில் கிடக்கும் உடலோ காற்றையும் மணலையும்விடக் குளிர்ந்திருக்கிறது. கால்களை மடித்து, மார்புக்கு அடியில் தடித்திருக்கும் மார்புத் தட்டின் மேல் படுத்திருந்ததால் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே கையை நுழைக்கும் அளவுக்கு இடைவெளி இருந்தது, அதன் வழியே காற்றும் ஓடியது.

6 ஏப்ரல்

'பத்து நிமிடத்தில் 100 லிட்டர் குடிக்கிறதே, அது சேமிப்பு இல்லையா?' என்று கேட்டிருக்கிறார்கள். அது இழந்ததை ஈடு செய்வது. உடல் எடையில் கால் பங்குக்கும் மேல் நீராக இழந்த பின்னும் ஒட்டகம் நடமாடும், மனிதனுக்கோ அதில் பாதியை இழப்பதே உயிருக்கு ஆபத்து. அந்த இழப்பு பெரும்பாலும் திசுக்களிலிருந்து போகிறது, குருதியின் நீர்மம் அதிகம் குறைவதில்லை, ஆகவே குருதி கெட்டியாகி இதயத்தைத் திணறடிப்பதில்லை. அவ்வளவு நீரை ஒரே மூச்சில் குடிக்கும்போது வேறொரு ஆபத்து வருகிறது. பிற பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் அந்த நிலையில் ஊதி வெடித்துவிடக்கூடும். நீள்வட்ட வடிவம் கொண்ட ஒட்டகத்தின் சிவப்பணுக்களோ இரு மடங்குக்கும் மேல் பருத்தாலும் தாங்குகின்றன.

9 ஏப்ரல்

இப்போது சிறு உயிர்களுக்கு வருகிறேன். வட அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் கங்காரு எலி வாழ்நாள் முழுவதும் ஒரு சொட்டு நீர்கூடக் குடிக்காமல் இருக்க வல்லது. அது தின்பதும் சாறுள்ள தழை அல்ல, உலர்ந்த விதை. நுட் ஷ்மிட் நீல்சனும் அவருடைய அன்றைய மனைவியும் உடலியங்கியல் அறிஞருமான போடில் ஷ்மிட் நீல்சனும் இதை ஆராய்ந்து ஒரு வரவு செலவுக் கணக்கே எழுதினார்கள். அந்த எலி 100 கிராம் பார்லியைத் தின்று செரிக்கும் காலத்தில், வளர்சிதை மாற்றத்தால் 54 கிராம் நீர் உண்டாகிறது. தானியம் காற்றிலிருந்து உறிஞ்சி வைத்திருந்த ஈரம் 6 கிராம். மொத்த வரவு 60 கிராம். செலவில் சிறுநீருக்கு 13.5, மலத்துக்கு 2.6, மூச்சிலும் தோலிலும் ஆவியாவது 43.9. அதுவும் 60. உயிரியலில் இவ்வளவு தெளிவாக முடியும் கணக்குகள் அரிது, எனக்கு இது இன்றும் வியப்பளிக்கிறது.

இந்த எலியின் சிறுநீரகத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். சிறுநீரைச் செறிவாக்க உதவும் ஹென்லே வளைவுகள் என்னும் நுண்குழாய்கள் நீண்டிருப்பதால் அது மனிதச் சிறுநீரைப் போல நான்கு மடங்குக்கும் மேல் செறிந்த சிறுநீரை வெளியேற்றுகிறது. அந்தப் புகழ் நியாயமானதுதான். ஆனால் கணக்கைத் திரும்பப் பாருங்கள், செலவில் முக்கால் பங்கு ஆவியாதலில் இருக்கிறது. அந்த வழியைக் காப்பது மூக்கு. உள்ளே வரும் வறண்ட காற்று குறுகலான மூக்குச் சுவர்களைக் குளிர்விக்கிறது, நுரையீரலிலிருந்து திரும்பும் ஈரக்காற்று அதே சுவரில் பட்டுக் குளிர்ந்து, சுமந்து வந்த நீரில் பெரும்பகுதியை அங்கேயே படியவிட்டுப் போகிறது. எலியின் மூக்கிலிருந்து வெளிவரும் காற்று அதன் உடலைவிட மிகக் குளிர்ந்தது.

10 ஏப்ரல்

நேற்றைய குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியது. ஒட்டகம் செய்வதுபோல் எலி ஏன் வெப்பத்தை உடலில் தேக்கி வைப்பதில்லை என்ற கேள்வி நியாயமானது. எலியின் எடையோ சில பத்து கிராம்தான், எடையோடு ஒப்பிட்டால் உடல் பரப்பு மிக அதிகம், எனவே வெயிலில் சில நிமிடங்களிலேயே அதன் உடல் தாங்கும் எல்லையைத் தாண்டிவிடும். வியர்த்துக் குளிர்வதானால் சில மணி நேரத்துக்குள் அதனிடம் இருக்கும் நீரில் பெரும்பங்கு தீர்ந்துபோகும். அதனால் அது பகலை வளைக்குள் கழிக்கிறது. அரை மீட்டர் ஆழத்தில் இரவு பகல் வெப்ப ஏற்றத்தாழ்வு ஏறக்குறைய மறைந்துவிடும். வளையின் காற்று ஈரமானது, அங்கே சேர்த்து வைத்த விதைகள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கின்றன, மூச்சில் போனதில் ஒரு பங்கு உணவோடு திரும்பி வருகிறது.

13 ஏப்ரல்

எல்லாச் சிறு உயிர்களும் பகலில் பதுங்குவதில்லை என்பதற்கு சகாராவின் வெள்ளி எறும்பு சான்று. ஊர்வன உட்படப் பிற விலங்குகள் வெப்பம் தாங்காமல் ஒதுங்கும் நண்பகலில், அது நாளுக்குச் சில நிமிடங்கள் மட்டும் கூட்டமாக வெளியே வந்து, வெப்பத்தில் இறந்து கிடக்கும் பூச்சிகளைச் சேகரிக்கிறது. காலையில் சற்று முன்னதாக வந்தால் பல்லிக்கு இரையாக வேண்டும், சற்றுத் தாமதித்தால் வெயிலுக்கே இரையாக வேண்டும். அதன் உடல் தாங்கும் எல்லை 53.6 டிகிரி. வெளியே வருவதற்கு முன்பே, செல்களை வெப்பத்திலிருந்து காக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை உடலில் உருவாக்கிக்கொள்கிறது. நீண்ட கால்கள் உடலை மணலிலிருந்து உயர்த்திப் பிடிக்கின்றன. அதன் வெள்ளிப் பளபளப்புக்குக் காரணம் முக்கோணக் குறுக்குவெட்டு கொண்ட மயிர்கள் என்றும், அவை கதிரவன் ஒளியைத் திருப்பியனுப்புவதோடு உடல் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியேற்றவும் உதவுகின்றன என்றும் 2015இல் கண்டறிந்தார்கள். இந்த எறும்பிடம் நீர்ச்சேமிப்பு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, நேரக்கணக்குதான் அதற்கு முதல் காப்பு.

15 ஏப்ரல்

நமீப் பாலைவன வண்டைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். முதுகிலுள்ள புடைப்புகள் பனிமூட்டத்தின் நீரை ஈர்க்கின்றன, புடைப்புகளுக்கு இடையிலுள்ள மெழுகுப் பள்ளங்கள் அதை வாய்க்கு ஓட்டுகின்றன என்ற விளக்கம் 2001இல் 'நேச்சர்' இதழில் வெளியாகி உலகெங்கும் பரவியது. பனிநீர் சேகரிக்கும் செயற்கைப் பரப்புகள் பல அந்த எண்ணத்திலிருந்து பிறந்தன. ஆனால் களத்தில் பனிமூட்டத்துக்கு முன் தலைகுப்புற நின்று நீரருந்துவது வேறு இனம். அதன் பெயர் ஒனிமாக்ரிஸ் உங்குயிகுலாரிஸ். அதன் நடத்தையை 1976இலேயே ஆய்வாளர்கள் ஹாமில்டனும் மேரி சீலியும் விவரித்துவிட்டார்கள். அதன் முதுகில் அந்தப் புடைப்புகள் இல்லை, நீளவாக்கில் வரிப்பள்ளங்களே இருக்கின்றன. பரப்பின் நுட்பத்தைவிட நடத்தையே இங்கே முக்கியம் என்று நான் கருதுகிறேன். குளிர்ந்த இரவில் மணற்குன்றின் உச்சிக்கு ஏறி, காற்று வரும் திசையை நோக்கி, பின்புறத்தை உயர்த்தி நிற்கத் தெரிந்திருப்பதுதான் அந்த வண்டின் திறமை. துளிகள் முதுகில் திரண்டு, தம் எடையால் வழிந்து, வாய்க்கு வருகின்றன. செயற்கைப் பரப்புகள் வேலை செய்கின்றன என்பது வேறு விஷயம், அதை வைத்து வண்டும் அப்படித்தான் செய்கிறது என்று முடிவுகட்டக் கூடாது.

19 ஏப்ரல்

சேமிப்பும் சிக்கனமும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று உண்டு, அது சுமந்து செல்வது. கல்கௌதாரியின் ஆண், நீர்நிலையில் வயிற்றைத் தோய்த்து, இறகுகளில் ஏறிய நீரோடு பல கிலோமீட்டர் பறந்து போய்க் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. 1896இல் பறவை ஆய்வாளர் மீட் வால்டோ இதைப் பதிவு செய்தபோது பலர் நம்பவில்லை. 1967இல் பறவையியலாளர்கள் கேடும் மெக்லீனும் உறுதி செய்தார்கள். ஓர் ஆண் பறவையின் இறகுகள் ஏறத்தாழ 25 மில்லிலிட்டர் நீரைப் பிடிக்க வல்லவை. வயிற்று இறகின் நுண்ணிழைகள் உலர்ந்திருக்கும்போது சுருண்டு கிடக்கின்றன, நனைந்ததும் சுருள் அவிழ்ந்து நிமிர்ந்து, தமக்கிடையே நீரைப் பிடித்துக்கொள்கின்றன.

20 ஏப்ரல்

தாவரங்களைப் பற்றி இன்னும் எழுதவில்லை. செலவைக் குறைப்பது என்ற வாதத்துக்கு என் கையில் இருக்கும் மிகச் சிறந்த சான்று அவைதான்.

கரியமில வாயுவை உள்ளே வாங்க வேண்டுமானால் இலைத்துளைகளைத் திறக்க வேண்டும், திறந்தால் நீராவி வெளியேறும். பகலில் திறந்து பகலிலேயே உணவு தயாரிக்கும் சாதாரணத் தாவரம், ஒரு கிராம் கரியமில வாயுவைச் சேர்க்க 400 முதல் 500 கிராம் நீரை இழக்கிறது. கள்ளியினங்கள், ஆகேவ், சோற்றுக்கற்றாழை போன்றவை துளைகளை இரவில் திறக்கின்றன. வாங்கிய வாயுவை மாலிக் அமிலமாக்கிச் செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ் என்னும் பையில் அடைத்து வைத்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை விடுவித்து வெயிலின் ஆற்றலால் சர்க்கரை செய்கின்றன. அப்படிச் செய்வதால் நீரிழப்பு 50 முதல் 100 கிராமாகக் குறைகிறது.

இதை முதலில் நாவால் கண்டுபிடித்தவர் இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, நண்பகலில் சுவையற்றுப் போகிறது, மாலையில் சற்றுக் கசக்கிறது என்று அவர் எழுதியது 1815இல் அச்சானது. அந்தச் செடியின் இலைகளில் நச்சுப் பொருள்களும் உண்டு என்பதால் சுவைத்துப் பார்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அமிலத்தன்மை காட்டும் தாளை வைத்து நான் சோதித்தேன். விடியும் முன் பறித்த இலையை நசுக்கிய சாற்றில் தாள் உடனே செம்மஞ்சளாகியது. நாளெல்லாம் வெயில் பட்ட, அதே செடியின் அதே கணுவில் எதிரே இருந்த இலையை மாலையில் நசுக்கியபோது தாளின் மஞ்சள் அதிகம் மாறவில்லை. ஓர் இரவின் முழு உழைப்பும் அந்த நிற வேறுபாட்டில் கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த முறைக்கும் விலை உண்டு. நுண்குமிழில் எவ்வளவு அமிலம் கொள்ளுமோ அவ்வளவுதான் அடுத்த நாளின் முதல், ஆகவே வளர்ச்சி மெதுவாகிறது. அரிசோனாவின் சாகுவாரோ கள்ளி முதல் எட்டு ஆண்டுகளில் மூன்று நான்கு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. பிற்காலத்தில் 12 மீட்டர் உயரும் மரம்போன்ற உருவம் அது.

22 ஏப்ரல்

'சாகுவாரோ நீரைச் சேமிக்கிறதே, உங்கள் வாதம் இங்கே நிற்காது' என்ற மறுப்பு வலுவானது. அதன் தண்டு மடிப்பு மடிப்பாக இருக்கிறது, மழைக்குப் பின் மடிப்புகள் விரிந்து தண்டு பருக்கிறது, மேல்மண்ணிலேயே பரந்து கிடக்கும் வேர்கள் சிறு மழையையும் உறிஞ்சிக்கொள்கின்றன. பாலைவன ஆமையும் சிறுநீர்ப்பையில் நீரைத் தேக்குகிறது. அதனால்தான் அதை யாரும் கையால் தூக்கக் கூடாது என்கிறார்கள், அச்சத்தில் அது அந்த நீரை வெளியேற்றிவிட்டால் அடுத்த மழைவரை தாங்காமல் இறக்கவும் கூடும். சேமிப்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. சிக்கனம் இல்லாத சேமிப்பு பாலைவனத்தில் ஒரு வாரம்கூட நிற்காது என்பதையே வலியுறுத்துகிறேன். மெழுகுத் தோலும் இரவில் மட்டும் திறக்கும் துளையும் இல்லையென்றால் சாகுவாரோவின் தண்டு வெறும் ஆவியாகும் தொட்டிதான். சேமித்து வைத்தால் காவலும் வேண்டும், முட்கள் அதற்காகவே. நீர் நிறைந்த தண்டு உறைபனியில் எளிதில் கெட்டுவிடும் என்பதால் குளிர்மிகு பாலைவனங்களில் சாகுவாரோ இல்லை.

26 ஏப்ரல்

காத்திருத்தலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதத் தோன்றுகிறது. வட அமெரிக்கப் பாலைவனத் தேரை ஒன்று, பின்னங்கால்களில் உள்ள கடினமான முனையால் மண்ணைத் தோண்டி உள்ளே போய், ஆண்டின் பெரும்பகுதியை அங்கே கழிக்கிறது. உடலில் யூரியாவைச் சேர்த்து வைப்பதால் சுற்றியுள்ள மண் அதன் நீரை இழுத்துக்கொள்ள முடிவதில்லை. மழையும் இடியும் எழுப்பும் அதிர்வைக் கேட்டு மேலே வருகிறது. அன்றிரவே இணை சேர்ந்து முட்டையிடுகிறது. குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டை தேரையாக மாற வேண்டும், அதற்கு ஒன்பது பத்து நாள்கள் போதும்.

ஓராண்டுச் செடிகளின் விதைகளும் இப்படித்தான் காத்திருக்கின்றன. சிலவற்றின் உறையில் முளைப்பதைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, சாரலுக்கு அது கரையாது, நல்ல மழைக்கே கரையும். நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் ஒரே ஆண்டில் முளைப்பதில்லை. மழை பொய்த்து முளைத்தவை கருகினால் மண்ணில் மீதி இருக்க வேண்டும் அல்லவா?

'இறந்தபின் உயிர்க்கும் செடி' என்று விற்கப்படுவதைப் பற்றிக் கேட்டவருக்கு ஒரு விளக்கம். அந்தப் பெயரில் இரு வேறு செடிகள் இருக்கின்றன. மெக்சிகோ பகுதியைச் சேர்ந்த செலாஜினெல்லா, பந்துபோல் சுருண்டு உலர்ந்தாலும் உண்மையாகவே உயிரோடு இருக்கிறது, நீர் கிடைத்ததும் பச்சையாகிறது. சகாராவிலும் அரேபியாவிலும் வளரும் அனஸ்டாட்டிகாவோ இறந்த கூடு. நீர் பட்டதும் அதன் கிளைகள் விரிவது திசுக்கள் ஊதுவதால் நிகழும் வெறும் இயக்கம். ஆனால் அந்த இயக்கம் வீண் அல்ல, மழைத்துளிகள் அதன் விதைகளை ஈர மண்ணில் சிதறச் செய்கின்றன.

1 மே

பாலைவனத்தில் வாழும் ஆரிக்ஸ் மானின் மூளையைப் பற்றி. கழுத்துத் தமனி மூளைக்கு அடியில் நுண்குழாய் வலையாகப் பிரிந்து, மூக்கிலிருந்து வரும் குளிர்ந்த சிரைக்குருதியால் குளிர்விக்கப்படுகிறது என்பது உண்மை. மூளையைக் காப்பதற்கே இந்த ஏற்பாடு என்று பழைய நூல்கள் சொல்லும். இப்போதைய பார்வை வேறு. வியர்க்கும் முடிவை எடுக்கும் வெப்ப உணர்வு மையம் மூளையில்தான் இருக்கிறது, அது குளிர்ந்திருந்தால் உடல் சூடாக இருந்தும் வியர்வை தாமதமாகிறது. ஆக இதுவும் நீர்ச்சிக்கனமே.

ஒட்டகம் பாலைவனத்துக்காகவே உருவானதா என்ற கேள்விக்கும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில் கிடைத்த, ஏறத்தாழ 35 இலட்சம் ஆண்டு பழைமையான ஒட்டகக் கால் எலும்பைப் பற்றி 2013இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அன்று அங்கே காடு இருந்தது, நீண்ட இருண்ட பனிக்காலமும் இருந்தது. கொழுப்புத் திமிலும் அகன்ற பாதமும் பனிக்கே முதலில் பயன்பட்டிருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. எனக்கு அது ஏற்கத்தக்கதாகவே படுகிறது, திமில் உணவுக் கையிருப்பு என்ற முதல் குறிப்போடும் அது ஒத்துப்போகிறது.

7 மே

'இவ்வளவு தகவமைப்பு உள்ள உயிர்களுக்கு வெப்பம் இன்னும் இரண்டு டிகிரி கூடினால் என்ன ஆகிவிடும்?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதற்கு நேரடி விடை வட அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னலும் அவருடைய குழுவினரும் பறவைகளையும் பாலூட்டிகளையும் கணக்கெடுத்த அதே இடங்களுக்கு ஆய்வாளர்கள் மீண்டும் போனார்கள். 2018இல் வெளியான முடிவு கவலை தருவது. ஓர் இடத்தில் முன்பிருந்த பறவை இனங்களில் சராசரியாக 43 விழுக்காடு இப்போது அங்கே இல்லை. சிறு பாலூட்டிகளையும் ஒப்பிட்டு 2021இல் வந்த ஆய்வோ, அவை ஏறக்குறைய முன்போலவே இருக்கின்றன என்றது.

ஒரே வெயில், ஒரே நிலம். வேறுபாடு நீர்ச்செலவில் இருக்கிறது. எலி வளைக்குள் இறங்கிவிடுகிறது, இரவில் இரை தேடுகிறது, ஆகவே கூடிய வெப்பம் அதை அதிகம் தொடவில்லை. பறவைகளில் பெரும்பாலானவை பகலில் திறந்த வெளியில் இருக்கின்றன, மூச்சிரைத்து நீரை ஆவியாக்கியே குளிர்கின்றன. குளிர்வதற்கு அதிக நீர் தேவைப்படும் இனங்களே அதிகம் குறைந்தன.

சாகுவாரோவுக்கும் இதே நிலை வந்திருக்கிறது. 2023 கோடையில் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் தொடர்ந்து 31 நாள்கள் வெப்பம் 43 டிகிரியைத் தாண்டியது, இரவுகளும் குளிரவில்லை. அந்தப் பருவத்தில் கைகள் ஒடிந்தும் அடியோடு சாய்ந்தும் போன சாகுவாரோக்கள் பல. கள்ளியினங்கள் துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்குகின்றன என்பதை 20 ஏப்ரல் குறிப்பில் எழுதியிருந்தேன், அதற்கு இரவு குளிர வேண்டும். தண்டில் நீரைச் சேமிக்கும் தாவரமாக இருந்தும் அந்தப் பருவத்தை அவற்றால் தாங்க முடியவில்லை.

மொஹாவி பறவைகளில் பூச்சியையும் இறைச்சியையும் உண்பவையே பெரிதும் பாதிக்கப்பட்டன. அவற்றுக்கு நீர் இரையிலிருந்தே வருகிறது. வெப்பம் கூடும்போது குளிர்வதற்கான நீருக்காக அவை அதிக இரை பிடிக்க வேண்டும், அதற்காக அதே வெயிலில் அதிக நேரம் பறக்க வேண்டும், பறக்கும் தசைகள் உண்டாக்கும் வெப்பத்தை வெளியேற்ற மேலும் நீர் வேண்டும்.